பழைய சாமான் மண்டபம்

பத்மஜா அந்த மேஜையைத் தட்டுகிறாள், இது மூன்றாவது தடவை, பால் குடித்த குழந்தையை ஏப்பம் விடத் தட்டுகிற மாதிரி ஒரு தட்டு, பிறகு உள்ளங்கையால் ஒரு தடவல், பிறகு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. "அண்ணி, இந்த மாதிரி மரத்துக்கெல்லாம் ஒரு கதை இருக்கும்" என்கிறாள். மரத்துக்குக் கதை கிடையாது. ஆணி அடித்த ஓட்டை இருக்கும், டம்ளர் வைத்த வட்டம் இருக்கும், எவனோ எதையோ ஒட்டிப் பிய்த்த பிசின் இருக்கும். கதையெல்லாம் பத்மஜா மாதிரி ஆட்களுக்குத்தான். அவள் புருஷன் ரவிக்கு அடையாற்றில் மாடியும் கீழுமாக வீடு, நடு ஹாலில் யார் வீட்டிலிருந்தோ பெயர்த்து வந்த பழைய கதவு, அதைப் படுக்கப்போட்டு மேலே கண்ணாடி வைத்து அதில் காபி குடிப்பார்கள். கதவென்றால் திறக்க வேண்டும், மூட வேண்டும், கோபம் வந்தால் படாரென்று சாத்த வேண்டும். அதன்மேல் பிஸ்கட் தட்டை வைத்துவிட்டுக் கதை இருக்கிறது என்கிறவளை என்ன செய்வது. நான் அந்த வீட்டில் ஹாலைத் தாண்டி உள்ளே போனதில்லை. ஒரு கொலுவுக்குப் போனேன், அவள் மகனுக்கு ஹைதராபாத் வேலையில் பதவி உயர்வு கிடைத்ததற்குப் போட்ட விருந்துக்குப் போனேன், இரண்டு தடவையும் அந்தக் கதவுக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு தடவையும் "எவ்வளவு அழகா வெச்சிருக்க பத்மா" என்று சொல்லிவிட்டு, திரும்பி வருகிற வழியெல்லாம் சந்தானத்திடம் பொருமிக்கொண்டு வந்தேன். சந்தானம் அவளுடைய அண்ணன். என் புருஷன். புருஷன் என்று இன்னும் சொல்லலாமா தெரியவில்லை, நாலு மாதமாக நான் வில்லிவாக்கத்தில் தனியாக இருக்கிறேன், அவன் கே.கே. நகர் வீட்டில் இருக்கிறான், எங்கள் பெண் ஆதிரை அவனோடு இருக்கிறாள். மனசுக்குள் இப்போதெல்லாம் அவன் இவன்தான், வாய்தான் இன்னும் பழகவில்லை. ஆனால் நாத்தனார் மட்டும் நாத்தனாராகவே இருக்கிறாள். அந்த உறவைவிட்டு வெளியே வர எந்தக் கோர்ட்டிலும் வழி இல்லை போலிருக்கிறது.

இந்த இடம் முன்பு கல்யாண மண்டபமாக இருந்ததாம். வாசல் வளைவில் நல்வரவு என்று சிமெண்டில் எழுதியது இன்னும் இருக்கிறது, பின்பக்கம் கை கழுவும் குழாய்கள் வரிசையாக இருக்கின்றன, ஒன்றிலும் தண்ணீர் இல்லை. வருஷக்கணக்கில் கல்யாணம் பண்ணிவைத்துவிட்டு, இப்போது அந்தக் கல்யாணங்களுக்கு வாங்கிய பீரோவையும் சோபாவையும் திரும்ப வாங்கி விற்கிறார்கள், நல்ல தொழில். மணமேடையில் பீரோக்கள் இரண்டு வரிசையாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன, தாம்பூலப் பையில் தேங்காய் குறைந்துபோன சம்பந்திகள் மாதிரி. எல்லாவற்றின்மேலும் புதிதாக அடித்த வார்னிஷ் வாடை, அதற்குக் கீழே பழைய வாடை, எண்ணெய்த் தலை, கொசுவர்த்தி, வருஷக்கணக்காகத் திறக்காத டிராயர். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பன்னிரண்டு வருஷமாக ஊசி குத்துகிறவள் நான். வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிறவர்களின் வாய் வாடையை வைத்தே சர்க்கரையா இல்லையா என்று பாதி சொல்லிவிடுவேன், இந்த வார்னிஷ் என்னை ஏமாற்றாது. கடைக்காரர் ஹனீஃபா பாய் பத்மஜாவைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து "வாங்கம்மா, வாங்க" என்றார். எனக்கு ஒரு தலையாட்டல். இவள் பெரிய வாடிக்கையாக இருக்கும், மாசம் ஒரு கதவு வாங்குவாளாயிருக்கும். கட்டியிருக்கிற புடவையைப் பார்க்க வேண்டுமே, சாயம் போன மாதிரியே நெய்து, சாயம் போகாத புடவையைவிட அதிக விலைக்கு விற்கிற கைத்தறி. கையில் சுட்ட மண் வளையல். தங்கம் தோண்டினால் பூமிக்கு வலிக்கிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள், உடனே கழற்றி வைத்திருப்பாள். மணிக்கட்டில் நரம்பு பச்சையாகப் புடைத்துத் தெரிகிறது, இளைத்திருக்கிறாள், இதுவும் ஏதாவது சிறுதானியப் பைத்தியமாக இருக்கும். போன வாரம் அவளாகத்தான் போன் பண்ணினாள். "ஆதிரை ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வராளாமே அண்ணி, அவளுக்குப் படிக்க டேபிள் இருக்கா? புதுசா வாங்காதீங்க, எனக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு கொளத்தூர்ல இருக்கு, நான் கூட்டிட்டுப் போறேன்." வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் காரோடு நிற்கிறாள்.

ஏன் வந்துட்டீங்க என்று எல்லோரும் கேட்கிறார்கள். லேபில் கேட்கிறார்கள், வீட்டுக்காரம்மா கேட்கிறாள், என் சொந்த அக்கா சேலத்திலிருந்து வாரம் இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்கிறாள். அடிச்சாரா? குடிக்கிறாரா? வேற யாராவதா? மூன்றும் இல்லை என்றால் அவர்கள் முகம் விழுந்துபோகிறது, காசு கொடுத்துப் படத்துக்கு வந்து சண்டையே இல்லாத மாதிரி. நான் என்ன செய்ய. சந்தானம் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. வாங்குவான். தீபாவளிக்குத் தீபாவளி பழசைப் போட்டுப் புதுசு எடுக்கிற மேளா எங்கே நடந்தாலும் முதல் ஆளாக நிற்பான், சோபா தேய்வதற்குள் சோபா மாறும், டிவி சுவரைவிடப் பெரிசாகும். போன சித்திரையில் அக்கா பெண் கல்யாணத்துக்காக சேலம் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தேன், வாசலிலேயே என் கண்ணைப் பொத்தி "சர்ப்ரைஸ்" என்று கூட்டிக்கொண்டு போனான், கையை எடுத்தால் என் சமையலறையைக் காணோம். மாடுலர் கிச்சன். பளபளவென்று வெள்ளை, தொட்டால் கைரேகை விழுகிறது. ஜன்னல் இருந்த இடத்தில் புகைக்கூண்டும் அதற்கு இரண்டு பக்கமும் அலமாரியும். அந்த ஜன்னலில் பெரிசாக ஒன்றும் தெரியாது, பக்கத்து வீட்டுச் சுவர், ஒரு பைப், இடுக்கில் தானாக முளைத்த ஒரு பப்பாளி. விடிவதற்குமுன் டியூட்டிக்குக் கிளம்புகிறவள் நான், கிளம்பும் முன்னால் ஒரு பத்து நிமிஷம் டீயோடு அங்கே நிற்பேன், பன்னிரண்டு வருஷம் நின்றேன், என்ன நினைத்துக்கொண்டு நின்றேன் என்று கேட்டால் தெரியாது. "ஜன்னல்ல என்ன இருக்கு, பைப்புதானே" என்றான். பைப்புதான். அதற்கப்புறம் இரண்டு வாரம் டீயை வைத்துக்கொண்டு வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்றேன், பதினைந்தாம் நாள் வீடு பார்க்கப் போனேன். ஜன்னலுக்காகவா? ஜன்னலுக்காக இல்லை, கேட்காமல் செய்ததற்காக. கேட்காமல் செய்ததற்காகவும் இல்லை, கேட்க வேண்டும் என்றே தோன்றாததற்காக. அதுவும் இல்லை, கையை எடுத்ததும் நான் "ஐயோ நல்லாருக்கே" என்று சொன்னேனே, என் வாய், கூசாமல் சொன்னதே, அதற்காக. அதைப் போய் யாரிடம் சொல்வது.

அந்தப் பக்கம் ஒரு புது ஜோடி, கல்யாணமாகி மூன்று மாசம் இருக்கும், ஒரு பிரம்பு ஊஞ்சலைச் சுற்றிச் சுற்றி போனில் படம் பிடிக்கிறது. அவள் ஊஞ்சலில் உட்கார்ந்து ஆகாயத்தைப் பார்க்கிறாள், மண்டபத்து ஆகாயத்தில் உடைந்த சீலிங் பேன்தான் இருக்கிறது. வாங்கப் போவதில்லை, படம் மட்டும் போதும். இப்போது இதுதான் நாகரிகம், பழசு வாங்குவது. நாங்களெல்லாம் வேறு வழியில்லாமல் பழசில் இருந்தபோது அதற்கு இப்படி ஒரு பெயர் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பத்மஜா என் காதருகே ஆரம்பித்துவிட்டாள். "புதுசா ஒரு டேபிள் பண்ண ஒரு மரத்தை வெட்டணும் அண்ணி. இல்லேன்னா பிளைவுட், அதுல இருக்கிற பசையெல்லாம் விஷம். இது வெட்டியாச்சு, அம்பது வருஷம் ஆச்சு, இன்னும் அம்பது வருஷம் வரும்." வந்த காரில் நாலு பேர் உட்கார இடமிருந்தது, நாங்கள் இரண்டு பேர் வந்தோம், ஏசி எலும்பு வரை குத்தியது, அதற்கெல்லாம் பூமி ஒன்றும் சொல்லாது போல. இதே பாட்டை ஆதிரையும் பாடுவாள். பள்ளிக்கூடத்தில் பசுமை மன்றம் என்று ஒன்று, அதற்கு இவள் செயலாளர், "புதுசா எதுவும் வாங்காதம்மா, எல்லாரும் புதுசே வாங்கினா பூமி எப்படித் தாங்கும்" என்பாள். அதை அப்பாவிடம் சொல்ல மாட்டாள், அவன் வாங்கிக் கொடுத்த புது லேப்டாப்பில் எழுதி அனுப்புவாள், எனக்கு. ஆனால் எனக்கு வசதியாகத்தான் போயிற்று. கையில் இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் பூமி என்று சொல்லிவிடலாம். பழைய மிக்ஸி, பழைய கட்டில், யாரோ காலி பண்ணிவிட்டுப் போன வீட்டின் திரைச்சீலை, எல்லாம் பூமிக்காக. பத்மஜாவின் பூமியும் என் பூமியும் ஒன்றில்லை, அவளுக்கு அது கொள்கை, எனக்கு மாசக் கடைசி. அப்படி நினைத்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறேன், "ஆமா பத்மா, நீ சொல்றது சரிதான்." எனக்கே என்னை அறையலாம்போல இருக்கிறது.

மேஜை நல்ல மேஜைதான், அதைச் சொல்ல வேண்டும். தேக்கு. நாலு கால், வலப்பக்கம் ஒரு டிராயர், பித்தளைப் பிடி, மேல்பலகையில் சித்திர வேலை எதுவும் இல்லாமல், வார்னிஷுக்குள் ரேகை தெரிகிற மரம். சாய்த்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. என் வீட்டின் ஒரே படுக்கை அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சரியாக உட்காரும், அளந்துதான் வந்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்தால் ஆதிரைக்கு என்ன தெரியும்? எதிர்ச் சுவரில் ஈரம் ஏறி ஒரு திட்டு, ஆப்பிரிக்கா மாதிரி இருக்கிறது. மேலே சுண்ணாம்பு அடித்தேன், இரண்டு வாரத்தில் மறுபடி எட்டிப் பார்த்தது. கே.கே. நகரில் அவளுக்குத் தனி அறை, ஏசி, வெள்ளை வெளேரென்று படிப்பு அலமாரி, தொட்டால் எரிகிற விளக்கு. போனில் என்ன சொன்னாள்? "வந்து பாக்கறேன்மா." வரேன்மா என்று சொல்லவில்லை. வந்து பாக்கறேன். வாடகை வீடு பார்க்கிறவர்கள் சொல்வது, பெண் பார்க்க வருகிறவர்கள் சொல்வது. வந்து பாத்துட்டு சொல்றோம். என்னைப் பார்க்க வருகிறாளா, வீட்டைப் பார்க்க வருகிறாளா? ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவாள், செருப்பை வெளியே விடுவாள், கக்கூஸ் கதவைத் திறந்து பார்ப்பாள், மூக்கைச் சுளிக்க மாட்டாள், அவ்வளவு மரியாதை கற்றுக்கொடுத்து வளர்த்திருக்கிறேன், அந்த மரியாதைதான் பயமாக இருக்கிறது. "நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிடுவாள். நான் அந்த வெள்ளை சமையலறையில் சொன்ன அதே குரலில் சொல்லிவிடுவாள். அவளுக்கு வேறு யாரிடமிருந்து அது வரும். பதினேழு வயசுப் பெண்ணை ஒரு மேஜையைக் காட்டிப் பிடித்து வைக்கப் பார்க்கிறேன், சந்தானம் ஏசியைக் காட்டிப் பிடித்து வைத்திருக்கிறான், இரண்டு கடைக்காரர்கள், நடுவில் அவள். என் கடையில் சரக்குப் பழசு, அவ்வளவுதான் வித்தியாசம்.

போனை எடுக்கிறேன். ஆதிரைக்கு வீடியோவில் காட்டிவிடலாம், பிடித்தால் வாங்கலாம், கேட்டுவிட்டுச் செய்கிறவள் நான். பத்மஜா சட்டென்று என் கையைப் பிடிக்கிறாள். "இப்ப எதுக்கு அண்ணி? நாளைக்கு வந்து பாக்கட்டும். சர்ப்ரைஸா இருக்கட்டுமே." அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உச்சியில் ஏறியது. அண்ணனும் தங்கையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார்கள். கையை உதறிவிட்டுப் போன் போட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தாள், தலை வாரவில்லை, பின்னால் அந்த வெள்ளை அலமாரி. "அம்மா, எங்க இருக்க? சினிமா செட் மாதிரி இருக்கு." டேபிள் பாத்திருக்கேன், புடிச்சிருக்கா சொல்லு என்று காட்டினேன். முன்பக்கம், பக்கவாட்டில், டிராயர். சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை, கண் சிமிட்டுகிறாள். "அம்மா, அது பத்மா அத்தை வீட்டு டேபிளாச்சே. மாடி ரூம்ல இருக்குமே. லீவுக்குப் போனா அதுலதான் உட்கார்ந்து வரைவேன். டிராயரை முழுசா இழு, உள்ள அடிப்பலகைல காம்பஸால என் பேரைக் கீறி வெச்சிருக்கேன், அத்தை திட்டக்கூட இல்ல." இழுத்தேன். வார்னிஷ் உள்ளே போகவில்லை, அங்கே பழைய மரம் அப்படியே இருந்தது, மூலையில் கோணலாக ஆதி என்று இருந்தது, ரை போடுவதற்குள் அலுத்துவிட்டதோ என்னவோ. "அத்தை ஏன்மா அதை வித்துட்டாங்க?" என்று போன் கேட்கிறது. நான் திரும்பிப் பார்த்தேன். பத்மஜா புடவைத் தலைப்பால் மேஜையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே சுத்தமாக இருந்த விளிம்பு. "அப்புறம் பேசறேன்டி" என்று போனை வைத்தேன்.

என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஹனீஃபா பாய் வந்து நின்றார். "அம்மா வீட்டுச் சாமான் பூரா நம்மகிட்டதான் வந்திருக்கு, எல்லாம் ஒரிஜினல். அந்தக் கதவு டீப்பாய்கூட மேடைக்குப் பின்னால இருக்கு, பாக்கறீங்களா?" என்றார். பாய் எழுந்து நின்றது வாங்குகிறவளுக்கு இல்லை, விற்கிறவளுக்கு. மண் வளையல் கொள்கைக்கு இல்லை. பன்னிரண்டு வருஷமாக மனுஷர்களின் நரம்பைத் தேடிக் குத்துகிறவள், வாடையிலேயே வியாதி சொல்கிறவள், ஒரு வாரமாக இவளோடு போனில் பேசி, காலையிலிருந்து இவள் பக்கத்தில் நின்று, எதைப் பார்த்தேன்? புடவையைப் பார்த்தேன். "என்ன பத்மா இது?" என்றேன். "அண்ணனுக்குத் தெரியாது, நீங்க சொல்லிடாதீங்க" என்றாள். "எதை?" "நான் கிளம்பறேன் அண்ணி. அடுத்த வாரம். பெருங்குடில ஒரு ரூம் பாத்திருக்கேன். இந்தக் குப்பையெல்லாம் போகும்போது எடுத்துட்டுப் போயிடுன்னு அவர் சொல்லிட்டார். ஒரு ரூம்ல எதை வெக்கிறது? பாய்கிட்ட குடுத்துட்டேன், அட்வான்சுக்கு ஆச்சு. டேபிள் மட்டும் ஆதிரைக்குப் போகட்டும்னு." அதை நேராகச் சொல்லியிருக்கலாமே என்றேன். "நான் குடுத்தா வாங்கியிருப்பீங்களா?" என்றாள். வாங்கியிருக்க மாட்டேன். போடீ, உன் பிச்சை யாருக்கு வேணும் என்று மனசுக்குள்ளும், இருக்கட்டும் பத்மா என்று வாயாலும் சொல்லியிருப்பேன். அது இவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் நான் இவளை எடைபோட்டுக்கொண்டிருந்ததாக நினைத்தேன், இவளும் சும்மா இருக்கவில்லை.

"ஏன்? ரவி அடிச்சாரா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "குடிக்கிறாரா?" இல்லை. "வேற யாராவதா?" கேட்ட பிறகுதான் என் காதில் விழுந்தது, மூன்றும் வரிசை மாறாமல் வந்திருந்தது, அக்கா கேட்பது மாதிரியே, வீட்டுக்காரம்மா கேட்பது மாதிரியே, அதே ஆவலோடு. "ஒண்ணும் இல்ல அண்ணி" என்றாள் பத்மஜா, என் முகம் விழுந்ததா இல்லையா தெரியாது, கண்ணாடி பக்கத்தில் இருந்தும் பார்க்கவில்லை. அவள் மேஜையைப் பார்த்தே பேசினாள். "பேசி ஆறு வருஷம் ஆச்சு. சண்டையெல்லாம் இல்ல. பையன் வேலைக்குப் போனான், பேசறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு. ஆபீஸ் போவார், வருவார், சாப்பிடுவார். ஒரு நாள் அந்தக் கதவைக் கொண்டுவந்து நடு ஹால்ல போட்டேன். என்ன எழவு இதுன்னாவது கேப்பார்னு. சுத்திக்கிட்டுப் போயிட்டார். அப்புறம் ஊஞ்சப் பலகை வாங்கினேன். அப்புறம் மரக் குதிரைத் தலை. வந்தவங்கள்லாம் வீடு அழகா இருக்குன்னாங்க, நீங்ககூடச் சொன்னீங்க. அவர் எல்லாத்தையும் சுத்திக்கிட்டுப் போனார்." நான் இழுத்து வைத்திருந்த டிராயரை உள்ளே தள்ளினாள். "நீங்க வெளிய வந்ததுக்கு அப்புறம்தான், வரலாம்னே எனக்குத் தெரிஞ்சுது." இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பைப்புக்காகவும் பப்பாளிக்காகவும் வந்த ஒருத்தியைப் பார்த்து இவள் கிளம்புகிறாளாம். நான் என்ன வழிகாட்டிப் பலகையா? நாலு மாசத்தில் மூன்று தடவை பெட்டியைக் கட்டி மறுபடி பிரித்திருக்கிறேன், அது இவளுக்குத் தெரியுமா? குக்கர் விசில் அடிக்கும்போது யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன், அது தெரியுமா? நாளைக்கு இவள் பெருங்குடி அறையில் உட்கார்ந்து அழுதால், இவளுடைய அண்ணன் என்னைத்தான் சொல்வான், என் பெண்ணும் என்னைத்தான் சொல்வாள். அசட்டுத் துணிச்சல். ஐம்பதைத் தொடப்போகிறவள், தண்ணீர் லாரி வருகிற நேரம்கூடத் தெரியாதவள். இவளைத் திட்ட வார்த்தை தேடுகிறேன், எடுக்கிற ஒவ்வொன்றும் என் அளவுக்கே தைத்த மாதிரி இருக்கிறது.

போன் அடித்தது. ஆதிரை. ஜன்னலோரம் தள்ளிப் போய்ப் பேசினேன். "அம்மா, நாளைக்கு வரேன். ஆனா ஒண்ணு சொல்லணும், கோச்சுக்காத." சொல்லு என்றேன். "எக்ஸாம் முடியறவரைக்கும் இங்கயே இருந்துக்கறேன்மா. டியூஷன் பக்கத்துல இருக்கு. அப்பாவும் தனியா இருப்பார்." சரி. எனக்குத் தெரியும், டியூஷன் என்பாள், அப்பா என்பாள், ஏசி என்று மட்டும் சொல்ல மாட்டாள். "அதுக்கப்புறம்?" என்று கேட்டேன், கேட்டிருக்கக்கூடாது, குரல் வேறு கெஞ்சியது. அவள் யோசித்தாள். பொய் சொல்ல யோசிக்கிறாளா, நிஜம் சொல்ல யோசிக்கிறாளா, பெற்றவளுக்கே தெரியவில்லை. "அந்த டேபிளை வாங்கிடும்மா. வேற யாராவது எடுத்துடப் போறாங்க" என்றாள். அவ்வளவுதான். வருகிறேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை, ஓடுகிற பஸ்ஸில் கர்ச்சீப் போட்டு வைக்கிற மாதிரி. பதினேழு வயசில் எவ்வளவு சாமர்த்தியம், அப்பன் புத்தி. இல்லை, என் புத்தி. கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு பாதி வழியில் இறங்கிப் போகிறவர்களும் உண்டு. இருந்தாலும் கர்ச்சீப் கர்ச்சீப்தான், வேறு ஆள் உட்கார முடியாது. மூக்கைச் சிந்திவிட்டுப் போய் பாயிடம் மேஜை எனக்கு என்றேன். அவர் சொன்ன விலையைப் பேசாமல் கொடுத்தேன், மீன்காரியிடம்கூட அப்படிக் கொடுத்ததில்லை. பத்மஜா ஏதோ சொல்ல வந்தாள். நன்றி கின்றி என்று ஆரம்பித்தால் நான் கத்திவிடுவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டாள்.

"உனக்குக் கட்டில் இருக்கா?" என்று கேட்டேன். இல்லை, தரையில் படுத்துக்கொள்வேன், முதுகுக்கு நல்லது என்று எங்கேயோ படித்தாளாம். பெருங்குடியில் மழை வந்தால் தரை எப்படி இருக்கும் என்று எங்கேயும் படிக்கவில்லை போல. பேசாமல் கட்டில்கள் கிடக்கிற பக்கம் நடந்தேன், பின்னாலேயே வந்தாள். போன வேகத்தில் ஒரு சிங்காரக் கட்டிலில் கையை வைத்தாள், தலைமாட்டில் இரண்டு மயில், கண்ணுக்குக் கண்ணாடித் துண்டு. பழக்கம் போகுமா? "அதைக் குளிப்பாட்டிப் பொட்டு வெச்சுத் தூசி தட்டறதுக்கே உனக்கு நாள் சரியாப் போகும், விடு" என்றேன். இரண்டு கட்டிலில் சட்டம் உளுத்திருந்தது, குனிந்து நகத்தால் குத்திக் காட்டினேன், மாவு கொட்டியது, அதை ஏதோ அதிசயம் மாதிரி பார்த்தாள். ஐம்பது வருஷம் வரும் என்று மரத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவள். கடைசியில் சுவரோரம் ஒரு மூன்றடிக் கட்டில், ஆஸ்பத்திரியிலோ ஹாஸ்டலிலோ போட்டிருந்தது போல, ஒரு அலங்காரமும் இல்லை, சட்டம் கல் மாதிரி இருந்தது. "இதுல படுத்துப் பாரு" என்றேன். "இங்கயா? எல்லாரும் பாக்கறாங்க அண்ணி." "யாரும் பாக்கல. படு." செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள், புடவையை இழுத்துவிட்டுக்கொண்டாள், படுத்தாள். பலகை முனகவில்லை. அப்போதுதான் பார்த்தேன், மூன்றடிக் கட்டிலில் அவள் ஒரு ஓரமாகப் படுத்திருந்தாள், கையைக் காலை ஒடுக்கி, இன்னும் அரை அங்குலம் நகர்ந்தால் கீழே விழுகிற மாதிரி, சுவர்ப் பக்கம் முழுவதையும் காலியாக விட்டு. அவளுக்கு அது தெரியவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு "நல்லாத்தான் இருக்கு" என்றாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. அந்த ரவி எத்தனை அகலமான ஆள் என்று கேட்கலாம்போல இருந்தது, கேட்டால் அழுதுவிடுவாள், அவள் அழுதால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. குனிந்து அவள் தோளில் கையை வைத்துத் தள்ளினேன்.

"நடுவுல படு" என்றேன்.